திதி நாளில் கன்னத்தில் ஒட்டிய படலம்

1

போன புதன்கிழமை என் அப்பாவுக்கு முதல் திதி. கோவில்பட்டியில் அண்ணன் ஐயரை வைத்து எல்லாவற்றையும் முறைப்படி செய்தான். மகளுக்கு அதில் வேலை எதுவும் இல்லை. சிங்கப்பூரில், தெம்பனிஸில் பதினோராவது மாடியில் குடியிருக்கும் மகளுக்குச் சுத்தமாக இல்லை. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. முதல் நாளே வேலை முடிந்து தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் வாழை இலை, அவரைக்காய், சேனைக்கிழங்கு, வாழைக்காய் எல்லாம் வாங்கிக்கொண்டு கூட்ட ரயிலில் இலை கிழியாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

பகலில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. படையலைச் சாயந்திரம் வைத்துக்கொள்வதாகச் சொன்னதும் அண்ணன் ஃபோனில் இழுத்தான். "திதிக்கு யாராவது சாயந்திரம் படைப்பாங்களா?"

"அப்பா மருந்துக்கடைக்காரரு. கடையைப் போட்டுட்டு வர முடியாதுன்னா அவருக்குப் புரியும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்தது காக்கைப் பிரச்சினை. ஊரில் மொட்டை மாடிக்குப் போய் முதல் கவளத்தை வைத்துவிட்டுக் கா கா என்று கூப்பிட்டால் முடிந்தது. இங்கே கண்ட இடத்தில் பறவைக்குத் தீனி போட்டால் அபராதம். என் கணவர் செந்தில் காலையில் ஷூ போட்டுக்கொண்டே எச்சரித்துவிட்டுப் போனார். "சன்னல்ல சோறு கீறு வச்சிடாத மீனா. எதிர் பிளாக்குல பார்த்துட்டு கம்ப்ளெயின்ட் பண்ணிடுவாங்க." அப்பாவே காக்கையாகப் பறந்து வந்தாலும் பட்டினியாகத்தான் திரும்ப வேண்டும். எரிச்சலாக வந்தது.

அந்த எரிச்சலெல்லாம் நிலாமேல் இறங்கியது. நிலா என் மகள், வயது பதினைந்து. பள்ளியில் தமிழ்த் தேர்வுக்கு மட்டும் தமிழ் எழுதுவாள். பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கேட்டாள்.

"அம்மா, இன்னிக்கு கேன்டீன்ல சிக்கன் ரைஸ் சாப்பிடலாமா? ஃபிரண்ட்ஸ் எல்லாம் சாப்பிடுவாங்க."

"இன்னைக்குத் தாத்தா திதி. கவிச்சி வாயில படக் கூடாது."

"தாத்தாவுக்குத் தெரியாது வாட்" என்றாள், சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் இழுப்பில்.

"தெரியும்!" என்று கத்தியே விட்டேன். லிஃப்டுக்குக் காத்திருந்த பக்கத்து வீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். "ஒரே ஒரு நாள். வீட்டுல யார் வாயிலயும் படக் கூடாது."

"நீயுமா?"

"நானும்தான்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. சிக்கனுக்காக மட்டும் வந்த படபடப்பு அல்ல அது. அன்று மதியம் எனக்கு இருந்த வேலை அப்படி.

2

என் வேலை என்னவென்று ஊரில் யாராவது கேட்டால், மாத்திரைக்குப் பதிலாக ஸ்டாம்பு செய்கிறேன் என்பேன். ஏறக்குறைய அதுதான். ஜெலட்டினை வெந்நீரில் கரைத்து, விறைத்துப் போகாமல் இருக்கக் கொஞ்சம் கிளிசரின் சேர்த்து, தட்டில் மெல்லிசாக ஊற்றிக் காயவைத்தால் கண்ணாடிபோல ஒரு படலம் வரும். அதைத் தபால்தலை அளவுக்கு வெட்டிக் கன்னத்தின் உட்புறத்தில் ஒட்டினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். படலம் மெல்லக் கரையக் கரைய, அதில் கலந்திருக்கும் மருந்து கன்னத்துத் தோல் வழியாக நேரே ரத்தத்தில் இறங்கும். விழுங்க வேண்டாம். பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போனவர்களுக்காகத்தான் இத்தனை பாடும்.

சொல்வதற்கு எளிது. ஏசி அறையில் வைத்தால் அப்பளம்போல நொறுங்குகிறது, வெளியே எடுத்தால் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் பிசுபிசுத்துச் சுருண்டுகொள்கிறது. அதனால் ஒவ்வொன்றையும் ஈரம் புகாத தனித்தனிப் பையில் அடைத்து வைப்போம். பையைக் கிழித்த கொஞ்ச நேரத்துக்குள் வாயில் வைத்துவிட வேண்டும்.

எந்த ஜெலட்டின் என்பது இதையெல்லாம்விடப் பெரிய தலைவலியாக இருந்தது. படலத்துக்குப் பன்றித் தோலில் எடுப்பதுதான் அருமையாக வரும். மலாய்க்காரர்கள் தொட மாட்டார்கள். மாட்டில் எடுத்தால் நம்மவர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். எங்கள் குழுத் தலைவர் லிம் ஒரு கூட்டத்தில் மேசையைச் சுற்றிப் பார்வையை ஓட்டினார். முதலில் ரஹிமைப் பார்த்துக் கேட்டார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மீனா, ஃபிஷ் ஓகே ஃபார் யுவர் சைட்?"

அந்த அறையில் இந்து நான் ஒருத்திதான். வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் மீன் குழம்பு வைக்கிறவள். "ஓகே" என்று தலையாட்டினேன். உலகத்தில் உள்ள அத்தனை இந்துக்களின் சார்பிலும் ஆட்டிய தலை அது. மீன் ஜெலட்டின் லேசில் இறுகாது, படலம் தொய்யும். அதை வழிக்குக் கொண்டுவர இரண்டு வருஷம் மாரடித்தேன்.

போன மாதம்தான் மருந்து கலக்காத வெறும் படலத்தை மனிதர் வாயில் ஒட்டிப் பார்க்கும் கட்டம் வந்தது. எவ்வளவு நேரம் ஒட்டுகிறது, உறுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். இளவட்டங்கள் எளிதாகக் கிடைத்தார்கள். வயதானவர்கள்தான் பிடி கொடுக்கவில்லை. ஒருவருக்குப் பல்செட் இடறியது, இன்னொருவரை மகன் வேண்டாமென்று கூட்டிப் போய்விட்டான். வியாழக்கிழமை காலை மேலிடத்தின் ஆய்வுக் கூட்டம். அதற்குள் இன்னும் ஒரு முதியவருக்காவது செய்து முடிக்க வேண்டும், இல்லையென்றால் மீனை மூட்டை கட்டிவிட்டு வேறு குழுவின் செயற்கைப் படலத்துக்குப் போய்விடுவார்கள். அந்த ஒருவர் புதன்கிழமை மதியம் வருவதாக இருந்தது. திதி நாளில் எனக்கு லீவு கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. வருகிறவர் பயப்படாமல் இருக்க, படலம் செய்தவர் முதலில் தன் கன்னத்தில் ஒன்றை ஒட்டிக்கொண்டுதான் அவரெதிரில் உட்கார வேண்டும். புதன்கிழமை அது என் முறை. விழுங்குவதில்லையே, கரையத்தானே செய்கிறது என்று ரயிலில் போகும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கரைந்தது எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? மருந்தியல் படித்தவள் நான்.

3

அப்பாவின் கடை கோவில்பட்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. கையகலக் கடை. மாலையில் பள்ளிக்கூடம் விட்டதும் நான் கவுண்டருக்கு உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். சீட்டை நீட்டுகிறவர்களில் சைவக்காரர்கள் நிறைய. காப்ஸ்யூல் என்றாலே கேட்பார்கள்.

"அண்ணாச்சி, இந்தக் கூடு எதுல செய்யறாங்க? மாட்டு எலும்புங்கறாங்களே?"

அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, "சைவம்தான். தைரியமாப் போடுங்க" என்பார். அந்தக் குரலில் சந்தேகத்துக்கு இடமே இருக்காது. வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

கல்லூரியில் முதல் வருஷமே காப்ஸ்யூல் கூடு எதிலிருந்து வருகிறது என்று படித்தேன். அந்த லீவுக்கு ஊருக்கு வந்ததும் கடையிலேயே வைத்துக் கேட்டுவிட்டேன். "தெரிஞ்சுதான் சொல்றீங்களாப்பா?"

அப்பா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். எண்ணெய்க்கடை வீட்டு அம்மா ஒருவரைப் பற்றிச் சொன்னார். பல வருஷத்துக்கு முன்னால் அவருக்கு அப்பா உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த அம்மா மருந்தை வாங்கிக்கொண்டு போய், கூட்டைப் பிரித்து எறிந்துவிட்டு உள்ளேயிருந்த தூளை மட்டும் வாழைப்பழத்தில் வைத்து விழுங்கியிருக்கிறார். தூள் தொண்டையில் அப்படியே ஒட்டி வெந்துவிட்டது. பல நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை.

"கூட்டுக்குள்ள ஏன் வைக்கிறான்? தொண்டையைச் சுடும்னுதானே வைக்கிறான்? அன்னைலருந்து நான் சைவம்தான்னு சொல்லிடறது" என்றார். "மருந்துக்குச் சைவம் அசைவம் கிடையாது. வாங்க வர்றவங்களுக்கு உண்டு. நடுவுல நான்தானே நிக்கிறேன்."

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. ஆயிரம் வாதம் செய்தேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ ஒரு நாள் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நில்லு, அப்பத் தெரியும்" என்று ஷட்டரை ஏற்றப் போய்விட்டார்.

4

வந்தவர் பெயர் கோவிந்தசாமி. பாசிர் ரிஸ் பேட்டைக்காரர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, நெற்றியில் திருநீற்றோடு, கையில் எண்ணெய் ஊறிய ஒரு பழுப்புப் பையோடு வந்தார். அந்தச் சின்ன அறையில் நானும், இந்த ஆய்வை ஒருங்கிணைக்கும் ஹுய் லிங்கும் இருந்தோம். ஹுய் லிங்குக்குத் தமிழ் தெரியாது. கோவிந்தசாமி முதல் தடவை வந்தபோது விளக்கம் சொல்லிக் கையெழுத்து வாங்கியது அவள்தான்.

"நர்ஸ் பிள்ளைங்களுக்குக் கொண்டாந்தேன். சார்டின் கறிபப், உள்ள மத்தி மீன் வச்சது, சுடச்சுட இருக்கு. எடுத்துக்குங்கம்மா" என்று பையை என்னிடம் நீட்டினார்.

"வேணாம் அங்கிள். இன்னைக்கு எங்கப்பா திதி. சைவம்."

"அப்படியாம்மா?" உடனே பையை மடித்து ஹுய் லிங் பக்கம் நகர்த்தினார். "நானும் சைவம்தான். போன வருசத்துலருந்து."

அவராகவே சொன்னார். மனைவி சரோஜாவுக்குப் பக்கவாதம். கை கால் கொஞ்சம் தேறிவிட்டது, விழுங்குவதுதான் வரவில்லை. தண்ணீரைக்கூடக் கூழ்போலக் கெட்டியாக்கித்தான் கொடுக்கிறார்கள். மாத்திரையை இடித்து அதில் கலந்தால் தினமும் புரையேறுகிறது. "ஒரு மாத்திரை கொடுத்து முடிக்கறதுக்குள்ள அவளும் அழுதுடுவா, நானும் அழுதுடுவேன்" என்று சாதாரணமாகச் சொன்னார். காத்தோங் கோயில் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார். சரோஜா தன் வாயால் ஒரு டம்ளர் கோப்பி குடிக்கிற வரைக்கும் இவர் கவிச்சி தொடுவதில்லை. வீட்டில் அவர் வாங்கி வைத்த மீன் மசாலா பிரிக்காமல் கிடக்கிறதாம். "மீன் இல்லாம ஒரு வேளை சாப்பிட மாட்டேன் லா நான். இப்பப் பாருங்க."

என் கன்னத்துக்குள் படலம் ஏற்கெனவே ஒட்டி மெதுவாகக் கரைந்துகொண்டிருந்தது. ஹுய் லிங் இரண்டாவது பையைக் கிழித்து இடுக்கியால் படலத்தை எடுத்து என்னிடம் கொடுத்தாள். நான் அதை அவர் வாயருகே கொண்டுபோனேன். வாயைத் திறக்கப் போனவர் நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"அன்னைக்கு அந்தப் பிள்ளை சொல்லிச்சு, ஜெலட்டின்னு. ஜெல்லி செய்வாங்களே, அகார் அகார். அதுதானேம்மா?"

இங்கே எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எந்த மலாய்க் கடைக்குப் போனாலும் கலர் கலராக அகார் அகார் இருக்கும். கடல்பாசியில் செய்வது. சுத்த சைவம். சிங்கப்பூரில் பிறந்த ஒருவருக்கு ஜெல்லி என்றால் அதுதான். ஹுய் லிங் கொடுத்த விளக்கத் தாளில் மீன் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அவர் அதை வரி வரியாகப் படித்திருக்க மாட்டார். மனைவிக்கு உதவுமென்றால் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

நான் ஒரு தலையாட்டல் ஆட்டினால் போதும். வாயைத் திறந்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் கரைந்து முடிந்துவிடும். நாளைக்குக் கூட்டத்தில் கணக்கு சரியாக இருக்கும். அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார், பிள்ளையாரிடம் வைத்த வேண்டுதல் அவரைப் பொறுத்தவரை அப்படியே இருக்கும். ஹுய் லிங்குக்கு நாங்கள் பேசுவது புரியாது. யாருக்குமே தெரிய வராது. அப்பாவின் குரல் என் தொண்டை வரைக்கும் வந்து நின்றது: சைவம்தான், தைரியமாப் போடுங்க.

இடுக்கி நுனியில் படலத்தின் ஒரு ஓரம் மடங்க ஆரம்பித்தது. "மீனா, டைம் ஆ" என்றாள் ஹுய் லிங்.

அவர் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பிக்கையோடு பார்க்கிற கண். அப்பாவின் கடையில் கவுண்டருக்கு வெளியே நின்றவர்களின் முகத்தையெல்லாம் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணெய்க்கடை அம்மாவின் தொண்டை ஞாபகம் வந்தது. ஆனால் இவருடைய தொண்டைக்கு எந்த ஆபத்தும் இல்லை. மருந்தே இல்லாத படலம் இது. நான் சொல்லப்போகும் பொய் இவருக்காக அல்ல, வியாழக்கிழமைக்காக. அது புரிந்ததும் இடுக்கியைக் கீழே இறக்கினேன்.

"இல்லை அங்கிள்" என்றேன். "அகார் அகார் கடல்பாசி. இது மீன் தோல்ல எடுத்தது."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது, போகவும் இல்லை.

"வாட் ஹேப்பன்ட்?" என்றாள் ஹுய் லிங். விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. "பட் ஹி சைன்ட், லா" என்று முணுமுணுத்தாள். உடனே, "நோ நோ, அங்கிள், நோ நீட். யூ கேன் கோ ஹோம், நோ பிராப்ளம்" என்றும் சொன்னாள். நல்ல பெண். ஆனால் அவள் கண் ஒரு கணம் சுவர்க் காலண்டருக்குப் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன். என் கண்ணும் அங்கேதான் போனது.

கோவிந்தசாமி எழுந்திருக்கவில்லை. கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷ உழைப்பு இடுக்கியில் சுருண்டு தொங்கியது. பிறகு அவர் தன் கன்னத்தை விரலால் தொட்டுக் காட்டிக் கேட்டார்.

"உங்க வாயில இருக்கறதும் இதேதானாம்மா?"

"அதேதான் அங்கிள்."

"இன்னைக்கு உங்கப்பா திதின்னீங்க."

சார்டின் கறிபப்பைத் தொட மாட்டேன் என்று அவரிடம் சொன்ன வாய் இது. அதற்குள்ளேயே மீன் கரைந்துகொண்டிருந்தது. வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. காலையில் நிலாவிடம் சிக்கனுக்காக வாசலில் வைத்துக் கத்தியதும் சேர்ந்து உறைத்தது.

அவர் திட்டவில்லை, கேலியும் செய்யவில்லை. இதைத்தான் கேட்டார். "இது சரியா வந்துச்சுன்னா, சரோஜா மாதிரி உள்ளவங்களுக்கு இடிச்சுக் கொடுக்க வேணாம், அப்படித்தானே?"

"வந்தா அங்கிள். வரும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. வந்தாலும் பல வருசம் ஆகும்."

"அது தெரியும்மா. அவளுக்கு லேட்டுதான். வேற யாருக்காச்சும் ஆகும்ல." இடுக்கியைப் பார்த்தார். "அது சுருண்டு போச்சு. புதுசு ஒண்ணு எடுங்க."

"அங்கிள், உங்க வேண்டுதல்..."

"பிள்ளையார்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க உங்கப்பாகிட்டப் பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.

ஹுய் லிங் விடவில்லை. விளக்கத் தாளை மறுபடி எடுத்து, மீன் என்ற வார்த்தைக்குக் கீழே கோடு போட்டு, என்னை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல வைத்து, புதிதாகக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அடுத்த பையைக் கிழித்தாள். படலம் அவர் கன்னத்தில் ஒட்டியது. உறுத்துகிறதா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டி இல்லை என்றார். அதற்கப்புறம் அது கரைந்து முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

5

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அவசர அவசரமாகச் சமைத்தேன். அவரைக்காய் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. ஹாலில் அப்பாவின் போட்டோவுக்கு முன்னால் இலையைப் போட்டேன். அண்ணன் எடுத்த போட்டோ அது. அப்பா கவுண்டருக்குப் பின்னால் மாத்திரை அட்டைகளுக்கு நடுவே நின்று, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்ல நிமிர்ந்தவர்போல இருப்பார்.

நிலா பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "நான் சிக்கன் சாப்பிடல, ஓகே. வெறும் பராத்தா வித் பருப்பு. ஃபிரண்ட்ஸ் எல்லாம் வொய் வொய்னு கேட்டாங்க. இன்னிக்கு எங்க தாத்தாவோட டே அப்படின்னு சொன்னேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளை உட்கார வைத்து மதியம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கண்ணை விரித்துக் கேட்டாள். முடிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஸோ, நான் வெஜ். நீ ஃபிஷ்ஷா?"

"ஆமா."

"ஐயோ அம்மா! காலையில என்ன கத்து கத்தினே!" சிரித்தாள். பிறகு போட்டோவைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "தாத்தாகிட்ட நீ சொல்லணும். அந்த அங்கிள் சொன்னார்ல."

செந்தில் சாம்பிராணி போட்டார். இலையில் சோறு, சாம்பார், பொரியல், வடை எல்லாம் வைத்தாயிற்று. நான் போய்ப் போட்டோவின் முன்னால் நின்றேன். அன்று மதியம் முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் உண்மையைச் சொன்ன துணிச்சல் இப்போது எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கவுண்டருக்கு அவர் சொன்ன பக்கத்தில் நான் நின்று பார்த்துவிட்டேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. எவ்வளவு கஷ்டம் என்றும் சொல்ல வேண்டும்போல இருந்தது. அப்பா நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், இந்தத் தடவை கேட்கிறவர் அவர்.

"சொல்லும்மா" என்று நிலா என் முதுகில் இடித்தாள்.

நாக்கால் கன்னத்தின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை, வழவழவென்று இருந்தது. இலையை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்தினேன்.

"சைவம்தாம்ப்பா" என்றேன். "தைரியமாச் சாப்பிடுங்க."